சமூக ஊடகக் கணக்கை மூட முடியவில்லையா? முதலில் தொலைபேசி இலக்கத்தைப் பாருங்கள்

சமூக ஊடகக் கணக்கொன்றை மூடித் தரும்படி என்னிடம் உதவி கேட்டு வருபவர்களில் பலருக்கு, மூடும் பொத்தான் எங்கே இருக்கிறது என்பது தெரிந்தே இருக்கிறது. அதை அழுத்தியபின் கடவுச்சொல்லையோ குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியையோ (ஒருமுறை மட்டும் செல்லுபடியாகும் குறியீடு) கேட்கும் இடத்தில்தான் அவர்கள் நின்றுபோகிறார்கள். அந்தக் குறுஞ்செய்தி போய்ச்சேர வேண்டிய சிம், சில வருடங்களுக்கு முன் குவைத்துக்கு வேலைக்குப் போன சித்தியின் பெயரில் எடுக்கப்பட்டதாக இருக்கும். அல்லது கொழும்பில் கடையொன்றில் வேலை செய்த காலத்தில் பாவித்து, தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பியபின் றீலோட் போடாமல் விடப்பட்டதாக இருக்கும். இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கங்களில் நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பகுதி இந்த ஓரிடத்தில்தான் தொடங்குகிறது. ஆகவே கணக்கை மூட நினைப்பவர் முதலில் அதன் இலக்கத்தைத் தன் கைக்குள் கொண்டுவர வேண்டும். மூடிய பிறகும் முப்பது நாட்கள் கழியும்வரை அந்த இலக்கத்தைக் கைவிடக் கூடாது.

முடக்குவதா, நீக்குவதா

போனிலிருந்து செயலியை அழித்துவிட்டால் கணக்கும் போய்விடும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செயலி போனில் இருக்கும் ஒரு கதவு மாத்திரமே. கணக்கு அந்த நிறுவனத்தின் கணினிகளில் அப்படியே இருக்கும், உங்கள் படங்களும் பிறருக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்.

பேஸ்புக்கில் இரண்டு வழிகள் உள்ளன. தற்காலிகமாக முடக்கினால் உங்கள் பக்கமும் படங்களும் பிறர் பார்வையிலிருந்து மறையும். நீங்கள் மீண்டும் உள்நுழைந்தால் எல்லாம் பழையபடி வந்துவிடும். நிரந்தரமாக நீக்கும்படி கேட்டால் 30 நாட்கள் அவகாசம் உண்டு; அதற்குள் உள்நுழைந்து கோரிக்கையை ரத்துச் செய்யலாம். அந்த நாட்கள் கடந்தபின் திரும்பப் பெற முடியாது. பதிவுகள் அனைத்தும் அவர்களுடைய சேமிப்பிலிருந்து முற்றாக நீங்குவதற்கு 90 நாட்கள் வரை செல்லலாம். இன்ஸ்டகிராமிலும் ஏறக்குறைய இதுவே முறை. எக்ஸ் தளம், அதாவது பழைய டுவிட்டர், வேறு விதமானது: அங்கே முடக்கம் என்ற சொல்லே நீக்கத்தின் தொடக்கத்தைக் குறிக்கிறது. முடக்கி 30 நாட்கள் உள்நுழையாமல் இருந்தால் கணக்கு நிரந்தரமாகப் போய்விடும். சில மாதங்கள் ஒதுங்கி இருந்துவிட்டுத் திரும்பலாம் என்று நினைத்து எக்ஸ் கணக்கை முடக்கியவர்கள் இதனால் இழந்திருக்கிறார்கள். வட்ஸ்அப்பிலோ நீக்கினால் உடனடியாக நீக்கியதுதான், அவகாசம் கிடையாது.

பரீட்சைக் காலத்தில் மாத்திரம் ஒதுங்க நினைப்பவருக்கு முடக்கமே போதும். இலக்கமும் மின்னஞ்சலும் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கும் பழைய கணக்குகளை நீக்கிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. ஆளில்லாத கணக்கு பிறர் கைக்குப் போனால், உங்கள் பெயரிலேயே உங்கள் உறவினரிடம் பணம் கேட்கும் அளவுக்கு அது போகக்கூடும்.

தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

கணக்கு இன்னமும் ஏதாவதொரு போனில் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். திறந்திருந்தால் அந்த போனில் எந்தக் காரணத்துக்காகவும் வெளியேற வேண்டாம். அதை ரீசெட் செய்யவும், விற்கவும் வேண்டாம். கடவுச்சொல் மறந்துபோயிருந்தாலும், ஏற்கனவே பழகிய போனிலிருந்து அதை மாற்றுவது புதிய போனில் முயல்வதைவிடப் பன்மடங்கு எளிது. இந்த ஒரு காரியத்தைச் செய்யாததால் ஒரு மணித்தியாலத்தில் முடிய வேண்டிய வேலை ஒரு மாதம் இழுபட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, கணக்கில் எந்த இலக்கமும் எந்த மின்னஞ்சலும் பதிவாகியுள்ளன என்பதைச் சரிபாருங்கள். பேஸ்புக்கில் செட்டிங்ஸுக்குள் அக்கவுண்ட்ஸ் சென்டர் என்ற பகுதியில் பேர்சனல் டீட்டெய்ல்ஸ் என்பதைத் திறந்தால் இவை தெரியும். அங்கே இருப்பது இப்போது பாவிக்கும் இலக்கம் அல்ல என்றால், உள்ளே இருக்கும்போதே புதிய இலக்கத்தைச் சேர்த்து, அதற்கு வரும் ஓடிபியைக் கொடுத்து உறுதிசெய்துவிட்டு, அதன்பின் பழையதை எடுத்துவிடுங்கள். மின்னஞ்சல் ஒன்றையும் சேர்ப்பது நல்லது. மலைச்சரிவில் லயத்துக்குள், அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்குள், சிக்னல் வராமல் குறுஞ்செய்தி தங்கிப்போகும் வேளைகளில், மின்னஞ்சலுக்கு வரும் ஓடிபி கைகொடுக்கும்.

ஆனால் டேட்டாவிலும் கவனம் வேண்டும். நம்மில் பலர் பேஸ்புக், வட்ஸ்அப் ஆகியவற்றுக்கு மாத்திரம் செல்லுபடியாகும் மலிவான பெக்கேஜையே போட்டுக்கொள்கிறார்கள். அந்தப் பெக்கேஜில் மின்னஞ்சல் திறக்காது. உலாவியில் வேறு பக்கங்களும் திறக்காது. ஓடிபி வரவில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதுவோ திறக்க முடியாத மின்னஞ்சல் பெட்டியில் வந்து கிடக்கும். இந்த வேலைக்காக ஒரு நாளைக்காவது எல்லாவற்றுக்கும் பாவிக்கக்கூடிய டேட்டாவைப் போட்டுக்கொள்ளுங்கள்.

போனை வாங்கிய கடையில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மொழியை வைத்துக் கொடுத்திருந்தால், முதலில் செயலியின் மொழியைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம். என்றாலும் மொழிபெயர்ப்பில் பகுதிகளின் பெயர் மாறுபடுவதால், பக்கத்தில் ஒருவர் ஆங்கிலத் திரையை வைத்துக்கொண்டு வழி சொல்வாரானால் இரண்டு போனிலும் ஒரே மொழி இருப்பது குழப்பத்தைக் குறைக்கும்.

படங்களைப் பத்திரப்படுத்துவதையும் இப்போதே செய்துவிட வேண்டும். உங்கள் தகவல்களின் பிரதியை இறக்கிக்கொள்ளும் வசதி அக்கவுண்ட்ஸ் சென்டரிலேயே இருக்கிறது. கோரிக்கை கொடுத்தபின் கோப்பு தயாராவதற்குச் சில மணித்தியாலங்களோ சில நாட்களோ ஆகலாம். தயாரானபின் சில நாட்களுக்குள் இறக்கிவிட வேண்டும். படங்களின் தரத்தைக் குறைத்துத் தெரிவுசெய்தால் கோப்பு சிறிதாகும். பெக்கேஜில் இரவு நேர டேட்டா இருக்குமானால், அதைப் பயன்படுத்துவதற்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை.

இலக்கம் கையில் இல்லாதபோது

சிம் தொலைந்திருந்தாலும் இலக்கம் உங்கள் பெயரில் பதிவாகி இன்னும் செயலில் இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. அடையாள அட்டையுடன் அந்த நிறுவனத்தின் கிளைக்குச் சென்றால் அதே இலக்கத்துக்கு வேறு சிம் தருவார்கள். ஹட்டன், நுவரெலியா, பதுளை, பண்டாரவளை போன்ற நகரங்களுக்கு ஒருநாள் போய்வர வேண்டியிருக்கும்; கொழுந்து பறிக்கும் ஒருவருக்கு அது ஒருநாள் சம்பளத்தை விடுவதாகும் என்பதை நான் அறிவேன். அப்படியிருந்தும், நாட்கணக்கில் செயலியோடு போராடுவதைவிட அந்த ஒருநாள் பயனுள்ளது.

சிம் வேறொருவர் பெயரில் இருந்தால் அவரே செல்ல வேண்டும். அவர் வெளிநாட்டில் இருந்தால் அங்கிருந்தபடி என்ன செய்யலாம் என்பதை நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையிடமே கேட்பது சரி. நீண்டகாலம் பாவிக்காமல் விடப்பட்ட இலக்கங்களை நிறுவனங்கள் திரும்ப எடுத்து, வேறொருவருக்கு விற்பனை செய்கின்றன. அப்படி நடந்திருந்தால் உங்கள் ஓடிபிகள் முன்பின் தெரியாத ஒருவரின் போனுக்குப் போய்க்கொண்டிருக்கும். அந்த இலக்கத்துக்கு அழைத்து ஓடிபியைச் சொல்லும்படி கேட்பதை நான் பரிந்துரைப்பதில்லை. மின்னஞ்சல் வழியையோ, அடையாள ஆவணம் கொடுக்கும் வழியையோ முயல்வதே முறையானது.

அடையாள ஆவணம் கொடுக்கும்போது நமது மக்களுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. அடையாள அட்டையில் தந்தையின் பெயர் முன்னாலும் தன் பெயர் பின்னாலும் இருக்கும். பிறப்புச் சான்றிதழில் எழுத்து வேறாக இருக்கும். பேஸ்புக்கிலோ செல்லப்பெயர் இருக்கும். பழைய அடையாள அட்டைகள் பலவற்றில் பெயர் சிங்களத்தில் மட்டுமே எழுதப்பட்டுள்ளது. கணக்கில் உள்ள பெயரும் பிறந்த திகதியும் ஆவணத்தோடு பொருந்த வேண்டும் என்பதால், ஆங்கிலத்திலும் பெயருள்ள கடவுச்சீட்டோ சாரதி அனுமதிப்பத்திரமோ இருந்தால் அதைக் கொடுப்பது வசதியாக இருக்கும். கணக்கைக் கடையில் திறந்தபோது பிறந்த திகதியை மனம்போனபடி போட்டிருந்தால், உள்ளே நுழைய முடிகிற நிலையிலேயே அதைத் திருத்திவிடுங்கள்.

பேஸ்புக்கில் படிப்படியாக

முன்னேற்பாடுகள் முடிந்தபின் வேலை சுருக்கமானது. செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ் சென்டர், பேர்சனல் டீட்டெய்ல்ஸ் என்று சென்று, கணக்கின் உரிமையும் கட்டுப்பாடும் பற்றிய பகுதியைத் திறந்தால் முடக்குவதற்கும் நீக்குவதற்குமான தெரிவு வரும். பேஸ்புக்கும் இன்ஸ்டகிராமும் இணைக்கப்பட்டிருந்தால் இரண்டும் ஒரே பட்டியலில் தோன்றும். எதை மூடப் போகிறீர்கள் என்பதைப் படத்தைப் பார்த்து அல்ல, பெயரைப் பார்த்துத் தெரிவுசெய்யுங்கள். இரண்டிலும் ஒரே படத்தை வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் தவறுகிறார்கள். ஒன்றை மூடுவதால் மற்றது மூடப்படுவதில்லை.

முடக்கும்போது காரணம் கேட்கப்படும்; சில நாட்களில் தானாகவே மீண்டும் திறக்கட்டுமா என்றும் கேட்கப்படும். அதைக் கவனிக்காமல் அடுத்தடுத்து அழுத்திச் சென்றால், ஒரு கிழமைக்குள் கணக்கு தானாகவே உயிர்பெற்றுவிடும். தானாகத் திறக்க வேண்டாம் என்ற தெரிவை வைத்துவிட்டுத் தொடருங்கள். மெசஞ்சரைத் தொடர்ந்து பாவிப்பதா என்பதும் அங்கேதான் தீர்மானிக்கப்படுகிறது; பேஸ்புக்கை முடக்கிய பிறகும் மெசஞ்சர் இயங்கலாம் என்பதால், உங்களுக்குச் செய்தி வருவதைக் கண்டு முடக்கம் தோல்வியடைந்துவிட்டது என்று எண்ண வேண்டியதில்லை.

பக்கம் ஒன்றை நடத்துபவர் இங்கே நிதானிக்க வேண்டும். தோட்டத்தின் காமன் கூத்துக் காணொளிகளுக்காகவோ, கோயில் திருவிழாவுக்காகவோ, இளைஞர்களின் கிரிக்கெட் அணிக்காகவோ திறந்த பக்கத்துக்கு நீங்கள் ஒருவர் மாத்திரமே நிர்வாகியாக இருந்தால், உங்கள் கணக்கோடு அந்தப் பக்கமும் போய்விடும். பல வருடங்களாக ஊரார் சேர்த்த பதிவுகள் அவை. நம்பிக்கையான இன்னொருவருக்கு முழு அதிகாரத்தையும் கொடுத்து, அவர் அதை ஏற்றுக்கொண்டதைக் கண்ணால் பார்த்தபின் உங்கள் கணக்கைத் தொடுங்கள்.

அதேபோல, வேறு செயலிகளிலோ விளையாட்டுகளிலோ பேஸ்புக் கொண்டு உள்நுழைந்திருந்தால், அவற்றுக்கு வேறு கடவுச்சொல்லை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கதவுகளும் அடைபடும், அல்லது அவற்றின் வழியாக உள்நுழையும்போது முடக்கிய கணக்கு மறுபடி திறந்துகொள்ளும்.

நடுவழியில் வரும் தடைகள்

வழக்கமாகப் பாவிக்காத சாதனத்திலிருந்து முயல்வதால் இப்போது இந்த மாற்றத்தைச் செய்ய முடியாது என்ற அறிவித்தல் சிலருக்கு வருகிறது. இது பெரும்பாலும் கொமியூனிகேஷன் கடைக் கணினியில் முயல்பவர்களுக்கும், நேற்று வாங்கிய போனில் உள்நுழைந்தவர்களுக்கும் நேர்கிறது. கணக்கைத் திருடியவர் உடனே எதையும் மாற்றிவிடக் கூடாது என்பதற்காக வைக்கப்பட்ட பாதுகாப்பு அது. பழைய போன் இருந்தால் அதில் செய்யுங்கள். இல்லையென்றால் புதிய போனில் சில நாட்கள் கணக்கை வழக்கம்போலப் பாவித்துவிட்டு மறுபடி முயலுங்கள். அதைச் சுற்றிக் கடப்பதாகச் சொல்லிப் பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள். கணக்கை மூடுவதற்கு எந்த நிறுவனமும் கட்டணம் வாங்குவதில்லை.

ஓடிபி வராவிட்டால் ஒரு தடவை கேட்டுவிட்டுப் பத்து நிமிடமாவது பொறுத்திருங்கள். ஐந்தாறு தடவை கேட்டால், பிந்தி வந்த முதல் ஓடிபியைப் போடுகிறீர்கள். அது அதற்குள் செல்லுபடியற்றதாகியிருக்கும். பிழையான ஓடிபியைத் தொடர்ந்து போட்டால் தற்காலிகமாகத் தடை விழும். ஒருநாள் கழித்து முயல்வதைத் தவிர அதற்கு வேறு மருந்தில்லை. சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கோ பாதையோரத்துக்கோ சென்று, போனை ஒருமுறை அணைத்துப் போட்டபின் ஆரம்பியுங்கள். குறுஞ்செய்திக்குப் பதிலாக, போனிலேயே குறியீட்டை உருவாக்கும் ஓதென்டிகேட்டர் செயலி தரும் ஆறு இலக்கக் குறியீட்டைப் பாவிப்பவருக்கு அது தொடர்ந்து பிழை என்று வந்தால், போனின் நேரமும் திகதியும் சரியாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். நேரம் பிசகினால் குறியீடும் பிசகும்.

பழைய போனில் மூடும் தெரிவே தென்படவில்லை என்றால் செயலி பழையதாக இருக்கலாம். அதைப் புதுப்பிக்க இடமில்லாவிட்டால், குரோம் போன்ற உலாவியில் பேஸ்புக்கைத் திறந்து அதே வழியில் செல்லலாம்.

வட்ஸ்அப்பில் வரும் தனிச் சிக்கல்

வட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், அக்கவுண்ட் என்று சென்று நீக்கும் தெரிவைத் திறந்தால், நாட்டையும் இலக்கத்தையும் கேட்கும். இலங்கைக்குரிய 94 என்பதைத் தெரிவுசெய்தபின் இலக்கத்தின் முன்னால் உள்ள பூச்சியத்தை விட்டுவிட்டு எழுத வேண்டும். அப்படி எழுதியும் இலக்கம் பொருந்தவில்லை என்று வந்தால், பெரும்பாலும் காரணம் இதுதான்: போனுக்குள் இருக்கும் சிம் ஒன்று, வட்ஸ்அப் கணக்கின் இலக்கம் வேறொன்று. சிம்மை மாற்றினாலும் வட்ஸ்அப் பழைய இலக்கத்திலேயே தொடர்ந்து இயங்கும் என்பதால், வருடக்கணக்கில் இதை அறியாமலே பாவிப்பவர்கள் உண்டு. செட்டிங்ஸின் மேற்பகுதியில் உங்கள் பெயரைத் தொட்டால் கணக்கின் உண்மையான இலக்கம் தெரியும், அதையே எழுதுங்கள்.

இலக்கம் மாறிவிட்டது என்பதற்காக மாத்திரம் கணக்கை நீக்க நினைப்பவர், நீக்க வேண்டாம். அதே பகுதியில் இலக்கத்தை மாற்றும் வசதி இருக்கிறது. குழுக்களும் அப்படியே புதிய இலக்கத்துக்கு வந்துவிடும். நீக்கினால் எல்லாக் குழுக்களிலிருந்தும் வெளியேற்றப்படுவீர்கள், பழைய செய்திகளும் போய்விடும். வெளிநாடு செல்லும் அக்காமார், அம்மாமார் விமானம் ஏறுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது மிக அவசியம். 120 நாட்கள் தொடர்ந்து பாவிக்காத வட்ஸ்அப் கணக்குகள் பொதுவாகத் தானாகவே நீக்கப்படுகின்றன.

இன்ஸ்டகிராமைப் பற்றி ஒன்றே ஒன்று: முடக்கிவிட்டுத் திறந்தபின் அதே கிழமையில் மறுபடி முடக்க விடமாட்டார்கள், ஒரு கிழமை பொறுக்க வேண்டும். டிக்டொக்கில் முடக்கவும் நீக்கவும் தனித்தனி வழிகள் உண்டு. நீக்கத்துக்கு அங்கும் 30 நாட்கள் அவகாசம்.

தொல்லை கொடுப்பவருக்குப் பயந்து மூடுவதானால்

யாராவது படத்தைக் காட்டி மிரட்டுவதாலோ, தொடர்ந்து அசிங்கமாக எழுதுவதாலோ கணக்கை மூட நினைக்கும் பிள்ளைகள் என்னிடம் வரும்போது, கொஞ்சம் பொறுக்கும்படி சொல்கிறேன். கணக்கை நீக்கினால் அந்த மிரட்டலுக்கான ஆதாரமும் உங்கள் கையிலிருந்து போய்விடும். மிரட்டிய செய்திகளைத் திகதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து, அந்த ஆளின் பக்கத்துக்குரிய இணைப்பையும் குறித்து, நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். அதன்பின் கணக்கை நீக்காமல், முடக்கி மட்டும் வைக்கலாம். இணையப் பாதுகாப்புக்கான இலங்கை சேர்ட் அமைப்பை 101 என்ற இலக்கத்திலும், பெண்களுக்கான உதவிச் சேவையை 1938 என்ற இலக்கத்திலும், சிறுவர்களுக்கான சேவையை 1929 என்ற இலக்கத்திலும் அழைக்கலாம். பொலிஸில் முறைப்பாடு செய்வதற்கும் அந்த ஸ்கிரீன்ஷொட்களே உதவும். இதில் பிள்ளையின் மேல் பிழை எதுவும் இல்லை என்பதை வீட்டிலுள்ளவர்கள் அவளுக்குச் சொல்ல வேண்டும்; பழி தன்மேல் வந்துவிடும் என்ற பயத்தில்தான் பலர் ஆதாரத்தையும் சேர்த்து அழித்துவிடுகிறார்கள்.

உங்கள் படத்தை வைத்து வேறொருவர் திறந்த போலிக் கணக்கை நீங்கள் மூட முடியாது. அந்தப் பக்கத்தில் உள்ள முறைப்பாட்டுத் தெரிவில், இன்னொருவராக நடிக்கிறார் என்ற காரணத்தைக் காட்டி அறிவிக்க வேண்டும். காலமானவரின் பேஸ்புக் கணக்கை மூடுவதற்கும் தனி வழி உண்டு: நெருங்கிய உறவினர் மரணச் சான்றிதழைக் காட்டி, கணக்கை நீக்கும்படியோ நினைவுக் கணக்காக மாற்றும்படியோ கோரலாம். இறந்தவரின் கடவுச்சொல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை.

மூடிய பிறகு

நீக்கும் கோரிக்கையைக் கொடுத்தவுடன் செயலியை போனிலிருந்து எடுத்துவிடுங்கள். வேறு போன்களிலோ கடைக் கணினியிலோ திறந்திருந்தால், கோரிக்கை கொடுப்பதற்கு முன்பே அங்கெல்லாம் வெளியேறியிருக்க வேண்டும். முப்பது நாட்களுக்குள் மூடுபட்டுவிட்டதா என்று பார்ப்பதற்காக உள்நுழைவதுதான் பலரும் செய்யும் பிழை. அப்படி நுழைந்து, வரும் கேள்விக்கு அவசரத்தில் ஆம் என்று அழுத்தினால் நீக்கம் ரத்தாகிவிடும். பார்க்க வேண்டுமென்றால் நண்பர் ஒருவரிடம் அவருடைய போனில் உங்கள் பெயரைத் தேடச் சொல்லுங்கள்.

நீங்கள் அனுப்பிய செய்திகள் பெற்றவரின் பெட்டியில் தொடர்ந்து இருக்கும். மற்றவர்கள் தங்கள் பக்கத்தில் போட்ட உங்கள் படங்களும் அவர்களுடைய பக்கத்திலேயே இருக்கும். அவற்றை எடுக்கும்படி அவர்களிடம்தான் கேட்க வேண்டும். கூகுள் தேடலில் பழைய பக்கம் சிலகாலம் தெரியக்கூடும். காலாவதியான தேடல் முடிவை நீக்கும்படி கூகுளிடமே கோருவதற்கு ஒரு பக்கம் இருக்கிறது.

முப்பத்தோராவது நாளில் நண்பரின் போனில் மறுபடி தேடிப் பாருங்கள். பெயர் வரவில்லை என்றால், அந்த இலக்கத்தில் வங்கிக் கணக்கோ மின்னஞ்சலோ வேறு ஏதாவதோ தங்கியிருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துவிட்டு, அதன்பின் பழைய சிம்மைக் கைவிடலாம்.